போர்ஷே 917 பந்தயக் காரின் மரக் கியர் குமிழ்: நாமே செய்வது எப்படி

போர்ஷே 917 முதன்முதலாக வெளியே வந்தது 1969 மார்ச்சில், ஜெனீவா கண்காட்சியில். பன்னிரண்டு சிலிண்டர், நாலரை லிட்டர் இன்ஜின். எடையைக் குறைப்பதில் அந்தக் குழுவுக்கு இருந்த வெறியைச் சொல்லி முடியாது. சேசிஸையே, அதாவது காரின் அடிச்சட்டத்தையே, மெல்லிய அலுமினியக் குழாய்களால் செய்து, உள்ளே அழுத்தத்தில் வாயுவை அடைத்து வைத்தார்கள். அழுத்தம் குறைந்தால் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தக் காரின் கியர் ராடு உச்சியில் இருந்தது பால்சா மரக் குமிழ், மாதிரி விமானங்கள் செய்ய நம் பிள்ளைகள் வாங்குகிற அதே மரம். 1970-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஹான்ஸ் ஹெர்மானும் ரிச்சர்ட் அட்வுட்டும் ஜெயித்தது 917-இல்தான்.

குமிழை 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையாக எடுத்துக்கொண்டால், அதன் கன அளவு சுமார் 65 கன சென்டிமீட்டர். அலுமினியத்தில் செய்தால் 175 கிராமுக்கு மேல் வரும், பீச் (beech) மரத்தில் 45 கிராம் அளவில், பால்சாவில் 10 கிராம் பக்கத்தில். அத்தோடு, மரம் சூட்டை எளிதில் கடத்தாது. வெயிலில் நிறுத்திய காரில் உலோகக் குமிழைத் தொட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எந்த மரம்?

அப்படியே 917 மாதிரி வேண்டுமென்றால் பால்சாதான். ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும், தினமும் ஓட்டுகிற காருக்குத் தாங்காது. போர்ஷேவே பிற்பாடு கரேரா ஜிடி காரில் 917-இன் நினைவாக அடுக்கு மரத்தில் குமிழ் வைத்தது. முதல்முறை செய்பவர்கள் அந்த வழியில் போவதே நல்லது என்பது என் கருத்து. பெரிய மரக்கடைகளில் ஸ்டீம் பீச் என்று கேட்டால் கிடைக்கும். 4 மி.மீ. தடிமனில், 60 மி.மீ. சதுரமாக 15 துண்டுகள் அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் வேறு கருத்த மரத்தில் போட்டால் வரி அழகாகத் தெரியும்.

எல்லாத் துண்டுகளின் ரேகையும் ஒரே திசையில் இருக்கும்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் முழுப் பரப்பிலும் பசை தடவி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விடுங்கள். சாதாரண வெள்ளைப் பசை காருக்குள் ஏறுகிற சூட்டில் இளகும், அதனால் தண்ணீரும் சூடும் தாங்குகிற மரைன் வகையை வாங்குங்கள்.

முதலில் ஓட்டை, பிறகுதான் உருண்டை

இந்த வேலையில் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: உருண்டையைச் செய்துவிட்டு அதில் ஓட்டை போடாதீர்கள். எவ்வளவு கை சுத்தம் இருந்தாலும் ஓட்டை கொஞ்சம் சாயும், சாய்ந்த குமிழ் கியர் ராடில் கோணலாக நிற்கும், அதைச் சரிசெய்யவே முடியாது. சதுரக் கட்டையாக இருக்கும்போதே ஓட்டை போட்டு, அந்த ஓட்டையையே அச்சாக வைத்துக் கடைந்தால், உருண்டை தானாகவே நடுவில் வந்து நிற்கும்.

சரி, அதற்கு முன்னால் உங்கள் காரின் கியர் ராடில் என்ன மரை என்று பார்க்க வேண்டும். ஹோண்டாவில் பொதுவாக எம்10 (10 மி.மீ. விட்டம்), பிட்ச் (மரைகளுக்கு இடையே உள்ள தூரம்) 1.5 மி.மீ., டொயோட்டாவில் பெரும்பாலும் எம்12, பிட்ச் 1.25. ஊகிக்காமல், பழைய குமிழைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய் போல்ட்டு பொருத்திப் பாருங்கள். சில கார்களில் ரிவர்ஸ் போட ஒரு வளையத்தைத் தூக்க வேண்டியிருக்கும், சிலவற்றில் குமிழ் மரையே இல்லாமல் அழுத்திப் பொருத்தியிருக்கும். அந்த மாதிரிக் கார்களுக்கு இந்த முறை அப்படியே ஒத்துவராது.

மரத்திலேயே மரை போட்டால் நிற்காது. லேத் பட்டறையில் 16 மி.மீ. விட்டம், 25 மி.மீ. நீளத்தில் ஒரு பித்தளைக் குழல் செய்து, உள்ளே உங்கள் மரையும், பசை பிடிக்க வெளியே இரண்டு மூன்று வரிப்பள்ளமும் போட்டுத் தரச் சொல்லுங்கள். கட்டையின் அடிமுகத்தில், சரியாக நடுவில், நிலையான டிரில்லிங் மெஷினில் 16 மி.மீ. பிட்டால் 30 மி.மீ. ஆழத்துக்கு ஓட்டை. கை டிரில் வேண்டாம். குழலின் உள்ளே போகிற வாயை மெழுகால் அடைத்து (பசை மரைக்குள் போகாமல் இருக்க), மெதுவாக இறுகும் எப்பாக்சியில் (இரண்டு பாகம் கலந்து பூசும் பசை) ஒட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை சூட்டில் சீக்கிரம் இளகிவிடும். குழலின் வாய் மரத்தோடு மட்டமாக இருக்கட்டும்.

கடைசல்

தலை வெட்டிய முழுமரை போல்ட்டைக் குழலில் திருகி, நட்டால் இறுக்கிப் பூட்டி, போல்ட்டைக் கடைசல் மெஷினின் சக்கில் (சுழலும் பிடிப்பானில்) பிடியுங்கள். முகக் கவசம், தூசிக்கு மாஸ்க் இரண்டும் கட்டாயம். கையுறை, துப்பட்டா, தொளதொளத்த கை எதுவும் சுழலும் கட்டைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. கட்டையின் நான்கு மூலைகளையும் முன்பே ரம்பத்தால் சீவிவிட்டால் அதிர்வு குறையும். சொந்தமாகக் கடைசல் மெஷின் இல்லையென்றால் கவலையில்லை, போல்ட்டோடு கொண்டுபோய்க் கடைசல் பட்டறையில் கொடுங்கள், கீழே உள்ள அளவுகளைச் சொன்னால் போதும்.

முதலில் 50 மி.மீ. விட்டத்துக்கு உருளையாக்கி, அடியிலிருந்து 48 மி.மீ. உயரத்தில் மேல்பகுதியை வெட்டி நீக்குங்கள். 50 இல்லாமல் 48 ஏனென்றால், ராடில் உட்கார அடியில் சுமார் 20 மி.மீ. அகலத்துக்குத் தட்டையான இடம் வேண்டும். அடுத்து அடிமுகத்திலிருந்து 12.5, 23, 33.5 மி.மீ. தூரங்களில் சுற்றிப் பென்சில் கோடு போடுங்கள். மேல்முகத்தில் 21 மி.மீ. விட்ட வட்டம், அடிமுகத்தில் 25 மி.மீ. விட்ட வட்டம். மேல் கோட்டிலிருந்து மேல் வட்டம் வரைக்கும், கீழ்க் கோட்டிலிருந்து அடி வட்டம் வரைக்கும் மூலையை நேராகச் சரித்து வெட்டினால், பக்கவாட்டில் பார்க்கும்போது கிட்டத்தட்ட எண்கோணம் தெரியும். இனி மிச்சமிருக்கிற முனைகளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிக்கொண்டே வாருங்கள், அடியில் தட்டை 20 மி.மீ.க்கு வந்ததும் அங்கே நிறுத்துங்கள். நடுவிலுள்ள 23 மி.மீ. கோடு கடைசிவரை அழியக்கூடாது. அது அழிந்தால் விட்டம் குறைகிறது என்று அர்த்தம். உளி கூராக இருக்க வேண்டும், மொட்டை உளி அடுக்குகளின் விளிம்பைப் பிய்த்துவிடும்.

உருண்டை சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு அருமையான வழி இருக்கிறது. 40 மி.மீ. பிவிசி குழாயில் ஒரு துண்டை நேராக வெட்டி, மெஷினை நிறுத்திவிட்டு அதன் வாயை உருண்டையின் மேல் பல கோணங்களில் வைத்துப் பாருங்கள். எங்கே வைத்தாலும் வெளிச்சம் நுழையாமல் சுற்றிலும் ஒட்டி நின்றால் அது உருண்டை. வாய் விளிம்பில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டு வைத்தால் எங்கே மேடு என்று கரியே காட்டிக்கொடுக்கும்.

பால்சாவில் செய்பவர்கள் உளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டு உப்புத்தாளாலேயே வடிவம் கொண்டுவாருங்கள். வடிவம் வந்ததும் நீர்மாதிரி இருக்கும் சூப்பர் க்ளூவை ஊறவிட்டால் மேற்பரப்பு கெட்டியாகும். புகை கண்ணைக் கரிக்கும், அதனால் திறந்த வெளியில் செய்யுங்கள்.

பூச்சு

உப்புத்தாள் 120, 180, 240, 320 என்று வரிசையாகப் போக வேண்டும், ஒன்றைத் தாண்டினால் பழைய கீறல் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். பளபளக்கும் பாலியூரிதேன் எனக்குப் பிடிக்காது, பந்தயக் காரில் இருந்த மரத்தின் எளிமை போய்விடும். பீச்சுக்கு பாய்ல்டு லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) மெல்லிசாகத் தடவி, துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி தடவி என்று நான்கைந்து முறை செய்யுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

மேலே போர்ஷே சின்னம் பொறிக்க வேண்டாம். அடியில், தட்டையான பாகத்தில், நீங்கள் செய்த ஆண்டைச் சின்னதாகக் குறித்துவிடுங்கள். பல கை மாறிய பிறகு யாரோ ஒருவர் அதை அசல் என்று விற்காமல் இருக்க அதுதான் வழி.

பொருத்தும்போது முதலில் ராடில் மெல்லிய நட்டு, அதன்மேல் குமிழ், வரிகள் உங்களுக்குப் பிடித்த திசையில் நின்றதும் நட்டைக் கீழிருந்து மேலே திருப்பி இறுக்குங்கள். வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே எல்லாக் கியரையும், ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள், டேஷ்போர்டில் கை இடிக்கிறதா என்றும் கவனியுங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் நட்டை இன்னொரு தடவை இறுக்கிவிடுங்கள்.