தோட்டத்துப் பாதைக்கு ஒரு பழைய கார்: பார்த்து வாங்குவது எப்படி?

வீட்டில் ஏற்கெனவே ஒரு நல்ல கார் இருக்கும். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று தார் ரோட்டில் போக அது போதும். ஆனால் தினமும் தோட்டத்துக்கு அதை ஓட்டிப்போக மனசு வராது. வேலி முள் கீறும், பாதையின் நடுமேடு அடியில் உரசும், தீவன மூட்டை ஏற்றினால் சீட் பாழ். அதற்கென்று மலிவாக ஒரு செகண்ட் ஹேண்ட் கார் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காரைப் பற்றி அதிகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு டேப், ஒரு டார்ச் லைட், தரையில் படுக்கத் தயங்காத மனசு, இவ்வளவுதான் வேண்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மண் பாதைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஜீப் தேவையே இல்லை. எடை குறைந்த, அடிவயிறு சற்று உயர்ந்த, பக்கத்து ஊர் மெக்கானிக்குக் கை பழகிய சின்ன காரே தாங்கும்.

படி 1: முதலில் பாதையை அளந்துகொள்ளுங்கள்

காரைப் பார்க்கப் போகும் முன் பாதையில் ஒருமுறை நடந்து வாருங்கள். டிராக்டர் போய்ப் போய் இருபுறமும் தடம் பள்ளமாகி நடுவில் மேடு நிற்கும். அந்த மேட்டின் மேல் நேரான குச்சி ஒன்றைக் குறுக்கே படுக்க வைத்து, குச்சியிலிருந்து தடத்தின் அடி வரை டேப்பால் அளங்கள். பாதையில் மிக மோசமாக இருக்கும் நாலைந்து இடங்களில் அளந்தால் போதும். மேடு 10 சென்டிமீட்டருக்குள் என்றால் ஏறக்குறைய எந்தச் சின்ன காரும் போகும். 15-ஐத் தாண்டினால் கார் தேடுவதை நிறுத்திவிட்டு, ஒரு டிராக்டர் பிளேடு விட்டு மேட்டை இழுத்துச் சமன் செய்யுங்கள். வேறு வண்டி வாங்குவதைவிட அது எவ்வளவோ மலிவு.

இன்னொன்று. டிராக்டர் சக்கரங்களின் இடைவெளியும் காரின் இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் தடத்துக்குள்ளேயே ஓட்ட வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு பக்கச் சக்கரத்தை நடுமேட்டில் ஏற்றி, மறுபக்கச் சக்கரத்தை ஓரத்தில் விட்டு ஓட்டினால் வயிறு தட்டாது.

மண்ணையும் பாருங்கள். செம்மண்ணும் சரளையும் மழை விட்டதும் சீக்கிரம் இறுகிவிடும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் வேறு ரகம். நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு மட்கார்டு வரை அடைத்துவிடும்; டயரின் பட்டன் (பிடிமானத்துக்கான வெட்டு மேடுகள்) மூடி வழவழவென்று ஆகிவிடும். அந்த நிலையில் ஃபோர் வீல் டிரைவ் வண்டியே வழுக்கும். கரிசல்காரர்கள் மழைக்கு அடுத்த ஒன்றிரண்டு நாள் காரைத் தார் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடப்பதுதான் நல்லது. டெல்டாவில் வாய்க்கால் கரைமேல் போக வேண்டியிருந்தால் உயரத்தைவிட அகலம் முக்கியம், குறுகலான வண்டியாகப் பாருங்கள்.

படி 2: வண்டியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்

கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி என்று கம்பெனி சொல்லும் கணக்கு பெரும்பாலும் சுமை இல்லாத வண்டிக்கு. நாலு பேரும் இரண்டு மூட்டையும் ஏறினால் அதில் சில சென்டிமீட்டர் போய்விடும்.

மாருதி ஆல்ட்டோ 800-க்கு 160 மி.மீ. உயரம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் எடை சுமார் 700 கிலோ. சேற்றில் சிக்கினால் மூன்று பேர் தள்ளினால் வெளியே வந்துவிடும். உதிரி பாகம் கிடைக்காத ஊரும் கிடையாது. 2015-இல் வந்த ரெனோ க்விட் 180 மி.மீ., அதன் பின் 2019-இல் வந்த மாருதி எஸ்-பிரெஸ்ஸோவும் 180. என்னைக் கேட்டால், மேடு கொஞ்சம் கூடுதலாக உள்ள பாதைக்கு இந்த இரண்டும்தான் முதல் தேர்வு. டாட்சன் ரெடி-கோ 185 மி.மீ., விலையும் இறங்கிக் கிடக்கிறது. 2022-இல் டாட்சன் இந்தியாவை விட்டுப் போய்விட்டதே காரணம். என்ஜினும் அடித்தளமும் க்விட்டோடு பங்குபோட்டவை என்பதால் அந்தப் பாகங்களுக்கு அவ்வளவு திண்டாட்டம் வராது. பாடி, லைட் விஷயத்தில்தான் அலைய வேண்டியிருக்கும்.

மூட்டை ஏற்றுவதே முக்கிய வேலை என்றால் மாருதி ஆம்னி. 2019-இல் நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் ஊர்ப்பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்சீட்டுக்கு அடியில் என்ஜின், இழுப்பது பின்சக்கரம். அதனால் காலியாகப் போகும்போது பின்பக்கம் எடை இல்லாமல் சேற்றில் சுற்றும், சுமை இருந்தால் நன்றாகப் பிடித்து ஏறும். முன்சக்கரம் இழுக்கும் ஆல்ட்டோ, க்விட் இதற்கு நேர் எதிர்: டிக்கி நிறைய ஏற்றிக்கொண்டு வழுக்கு மேட்டில் ஏறினால் முன்பக்கம் லேசாகிவிடும். அப்போது வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள், பல நேரம் ஏறிவிடும்.

பொலேரோ வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதுவும் 180 மி.மீ. தான். சந்தையில் வருவதில் பெரும்பாலானவை பின்சக்கரம் மட்டும் இழுப்பவை, எடை ஒன்றரை டன்னுக்கு மேல். உழைக்கும், சந்தேகமில்லை. ஆனால் சேற்றில் உட்கார்ந்தால் டிராக்டர் கூப்பிட வேண்டும். கட்டாந்தரை, கல் பாதை, ஏழெட்டு ஆட்கள் என்றால் வாங்குங்கள்.

படி 3: டயரின் பக்கச்சுவர்

டயரில் 155/80 ஆர் 13 என்று எழுதியிருந்தால் அகலம் 155 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 124 மி.மீ. அதே அகலத்தில் 65 என்று இருந்தால் சுமார் 100 மி.மீ. தான். கல்லில் ஏறும்போது உயரமான சுவர் வளைந்து கொடுக்கும், ரிம் தப்பிக்கும். ஆகவே பெரிய அலாய் வீலும் மெல்லிய டயரும் மாட்டிய வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு வேண்டாம். இரும்பு ரிம் நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். டயரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் நிறைய இருந்தாலும் ஆறேழு வருடம் கடந்திருந்தால் புது டயர் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

படி 4: அடியில் படுத்துப் பாருங்கள்

கார் கன்சல்டிங்கில் வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு நிறுத்தியிருப்பார்கள். மேலே பார்க்க வேண்டியதை அப்புறம் பார்க்கலாம். டார்ச்சோடு முதலில் கீழே போங்கள்.

என்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் சேம்பரில் நெளிவோ, பற்றவைத்த தடமோ இருக்கிறதா? முன்சக்கரத்துக்கு உள்பக்கம், ஆக்ஸிலின் முனையில் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால் உள்ளே மணல் போயிருக்கும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டினால் டக் டக் என்று சத்தம் வரும். அடுத்து, மிதியடியைத் தூக்கித் தரைத்தகடு துரு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர் வண்டி என்றால் இதில் கூடுதல் கவனம். சீட்டுக்கு அடியிலும் ஸ்டெப்னி குழியிலும் காய்ந்த சேறு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது தார் ரோட்டோடு நிறுத்தாதீர்கள். குழி உள்ள இடத்தில், கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். கட கட சத்தம் வந்தால், சக்கரத்தைத் தாங்கும் பாகங்களான லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஷாக் இவற்றில் ஏதோ ஒன்று. இவை மாற்றக்கூடியவை, பயப்பட வேண்டாம், பேரம் பேசப் பயன்படும். என்ஜின் புகையும் கியர் பாக்ஸ் சத்தமும் அப்படியல்ல. உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

படி 5: காகிதம்

தோட்டத்துக்குள் ஓடும் வண்டிதானே என்று பெயர் மாற்றாமல் வைத்திருக்கிறவர்கள் நிறைய. கூடவே கூடாது. தோட்டத்துக்குப் போகும் வழியில் ஊர் ரோடு வரும், அதில் ஓட்ட இன்சூரன்ஸ் கட்டாயம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வந்த பிறகே முழுப் பணம் கொடுங்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருடம் செல்லும். அதன்பின் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாக நீட்டிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பசுமை வரி தனி. பதினாலு வருட வண்டியைச் சல்லிசாகக் கொடுக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இதுதான்.

படி 6: வாங்கியதும் செய்ய வேண்டியவை

கையில் உள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை வண்டி விலையில் சேர்க்காமல் ஒதுக்குங்கள். முதல் செலவு, வெல்டிங் பட்டறையில் ஆயில் சேம்பருக்குக் கீழே ஓர் இரும்புத் தகடு. ஆயில் இறக்க ஓட்டை விட்டு, போல்ட்டில் கழற்றும்படி செய்யச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கில் ரப்பர் செருகி உயரம் ஏற்றலாம் என்பார்கள். வண்டி தூக்கிப்போடும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மண்வெட்டி, இழுக்கும் கயிறு, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு ஆகியவை டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். மண்ணில் பலகை இல்லாமல் ஜாக்கி வைத்தால் கார் ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். ஓடையில் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் இருந்தால் இறங்காதீர்கள். மீறி இறங்கி என்ஜின் நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கயிறு கட்டி வெளியே இழுத்து, மெக்கானிக் வந்து பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.