சீமைக் கருவேலம்: வெட்டினால் போதாது, தூரோடு எடுங்கள்

சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டிவிட்டு நிலம் சுத்தமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு மழை பெய்தால் போதும், அந்தக் கட்டையிலிருந்து நாலைந்து கிளை முள்ளோடு கிளம்பிவிடும். துளிர்க்கும் மொட்டுகள் மண்ணுக்குச் சற்றுக் கீழே, தூர்ப்பகுதியில்தான் இருக்கின்றன. சுற்றிலும் குழி பறித்து, குறைந்தது ஓர் அடி ஆழத்தில் வேரை அறுத்துத் தூரை வெளியே எடுங்கள். சின்னக் கன்றுகளை மழை பெய்த மறுநாளே பிடுங்கினால் வேரோடு வரும்.

இன்னொரு வழியாகவும் இது பரவுகிறது. மஞ்சளாகப் பழுத்த நெற்று இனிக்கும். ஆடு மாடுகள் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து அங்கேயே முளைக்கும். எனவே நெற்று பழுக்கும் முன்பே மரத்தை எடுத்துவிடுங்கள். தீவனமாகக் கொடுப்பதென்றால் விதையும் நொறுங்கும்படி நன்றாக அரைத்துக் கொடுங்கள்.

அவசரத்தில் நம் நாட்டுக் கருவேலத்தை வெட்டிவிடாதீர்கள், பாவம். அதன் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்த மாலை போல இடையிடையே இறுகியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ திரி போல நீண்டு தொங்கும்.