குடிநீர் வேலைக்குக் கான்ட்ராக்டரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? நெல்லைக்காரர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

பாளையங்கோட்டையிலோ மேலப்பாளையத்திலோ உங்கள் தெருவில் புதுக் குடிநீர்க் குழாய் பதிக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலை யாருக்குப் போகிறது, எப்படிப் போகிறது என்பதை ஒரு கைபேசியை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தே நீங்கள் பின்தொடரலாம். அதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. எந்தக் காகிதம் எங்கே கிடைக்கும், அதில் எந்த வரியைப் படிக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

"யார் குறைச்சலாக் கேட்டாங்களோ அவங்களுக்குத்தான் வேலை" என்று பொதுவாகச் சொல்வோம். அது பாதி உண்மைதான். விலையைப் பார்ப்பதற்கு முன்பே, எந்தெந்தக் கான்ட்ராக்டரின் விலையைத் திறந்து பார்க்கலாம் என்று ஒரு வடிகட்டல் நடந்துவிடும். அந்த வடிகட்டலைத்தான் மக்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதனால் கீழே நான்காவது படியில் அதிக நேரம் நிற்கப் போகிறோம்.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் அடிப்படை, 1998-இல் வந்த டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் கீழ் 2000-இல் வந்த விதிகளும். மாநகராட்சியும் சரி, குடிநீர் வடிகால் வாரியமும் சரி, இதற்குக் கட்டுப்பட்டவைதான்.

படி 1: வேலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

திருநெல்வேலி 1994-இல் மாநகராட்சி ஆனது. இன்று நான்கு மண்டலங்கள், 55 வார்டுகள். தெருக்குழாய், பம்பு மாற்றுவது, சின்னத் தொட்டி போன்ற வேலைகளுக்கு மாநகராட்சியே டெண்டர் விடும். ஆற்றில் இருந்து தண்ணீர் எடுத்துப் பல மைல் தூரம் கொண்டுவரும் பெரிய திட்டங்களைப் பெரும்பாலும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் செய்து முடித்து உள்ளாட்சியிடம் ஒப்படைக்கும். வேலை யாருடையது என்று தெரியாமல் தேடினால் இணையதளத்தில் தவறான துறையின் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள், சொல்லிவிடுவார். பணம் எந்தத் திட்டத்தில் இருந்து வருகிறது (மத்திய அரசின் நகர்ப்புறக் குடிநீர்த் திட்டமான அம்ருத், மாநகராட்சிப் பொது நிதி போன்றவை) என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள். நிதி தருகிறவர்களும் தங்கள் பங்குக்குச் சில நிபந்தனைகள் வைப்பார்கள்.

படி 2: எஸ்டிமேட்டைப் பாருங்கள்

டெண்டருக்கு முன்னால் பொறியாளர்கள் எஸ்டிமேட் போடுவார்கள். அதற்கு நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் வாங்க வேண்டும். அதில் உள்ள விலைகள் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலை ஒட்டி இருக்கும்.

நமக்குத் தண்ணீர் வரும் பாதையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். குறுக்குத்துறை, சுத்தமல்லி, கொண்டாநகரம் போன்ற இடங்களில் தாமிரபரணிப் படுகையில் உள்ள உறைகிணறுகளில் இருந்து நீரேற்றி, மேல்நிலைத் தொட்டிக்கு அனுப்பி, அங்கிருந்து பகிர்மானக் குழாய் வழியாகத் தெருவுக்கு விடுகிறார்கள். எஸ்டிமேட்டும் இதே வரிசையில் இருந்தால் படிக்கச் சுலபம்.

முதலில் அளவைச் சரிபாருங்கள். பாதாளச் சாக்கடை உள்ள, அல்லது வரவிருக்கும் நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் கையேடு சொல்லும் அளவு. பத்தாயிரம் பேர் உள்ள பகுதி என்றால் நாளொன்றுக்கு 13.5 லட்சம் லிட்டர். தொட்டியின் கொள்ளளவும் அது ஒரு நாளில் எத்தனை முறை நிரம்பும் என்பதும் இந்தக் கணக்கோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

அடுத்தது மண். பள்ளம் தோண்டும் வேலையைச் சாதாரண மண், கெட்டி மண், பாறை என்று பிரித்துக் கணக்குப் போடுவார்கள். பாறைக்கு விலை பல மடங்கு. உங்கள் தெருவில் ஏற்கெனவே போர் போட்ட வீட்டுக்காரர்களுக்கு எத்தனை அடியில் பாறை வந்தது என்று தெரியும். எஸ்டிமேட்டில் பாறை மிகக் குறைவாக இருந்தால், வேலை நடக்கும்போது "கூடுதல் அளவு" என்ற பெயரில் செலவு ஏறும். மிக அதிகமாக இருந்தால், தோண்டாத பாறைக்கும் பணம் போக வாய்ப்பு உண்டு.

படி 3: அறிவிப்பைப் பிடியுங்கள்

மாவட்ட டெண்டர் செய்தி இதழில் அறிவிப்பு வரும். தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்திலும் வரும். பார்ப்பதற்கு அங்கே கணக்குத் தொடங்க வேண்டாம். நிறுவன வாரியாகத் தேடும் பகுதியில் முதல் படியில் கண்டுபிடித்த துறையைத் தேர்ந்தெடுத்தால் நடப்பில் உள்ள டெண்டர்கள் வரிசையாக வரும். டெண்டர் எண்ணைக் குறித்து வையுங்கள், கடைசி வரை அது தேவைப்படும்.

அப்புறம் இரண்டு தேதிகளைப் பாருங்கள்: அறிவிப்பு வந்த நாள், ஒப்பந்தப்புள்ளி தரக் கடைசி நாள். இரண்டு கோடி ரூபாய் வரை உள்ள வேலைக்கு இடையில் குறைந்தது 15 நாள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் 30 நாள். அவகாசத்தைக் குறைக்க வேண்டும் என்றால் மேலதிகாரி ஒருவர் காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். அவகாசம் குறைந்தால், முன்கூட்டியே விஷயம் தெரிந்தவர்கள் மட்டும்தான் தயாராக முடியும். அதனால்தான் விதியில் இவ்வளவு கறார்.

பேரிடர்க் காலத்துக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோர நீரேற்று நிலையங்கள் பல சேதமடைந்தபோது, 30 நாள் காத்திருந்து டெண்டர் விடுங்கள் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் வெள்ளம் வடிந்து நெடுநாள் ஆன பிறகும் "அவசரம்" என்ற சொல் ஒரு கோப்பில் இருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

படி 4: தகுதி நிபந்தனைகளைப் பொறுமையாகப் படியுங்கள்

டெண்டர் ஆவணம் நூறு பக்கத்துக்கு மேலேயே இருக்கலாம். முழுவதும் படிக்க வேண்டாம். "தகுதி" என்று தலைப்பிட்ட பகுதிக்கு நேரே போங்கள்.

அங்கே பொதுவாக என்ன கேட்பார்கள்? கான்ட்ராக்டர் எந்த வகுப்பில் பதிவு பெற்றவர், சில ஆண்டுகளின் வரவு செலவு எவ்வளவு, இதே மாதிரி வேலை முன்பு செய்திருக்கிறாரா, எந்திரங்களும் பொறியாளர்களும் இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்பார்கள். இவை எல்லாம் தேவையான கேள்விகள்தான். சாலை மட்டுமே போட்டுப் பழகியவரிடம் ஆற்றுக்குள் உறைகிணறு இறக்கும் வேலையைக் கொடுத்துவிட்டு நாம் பயந்துகொண்டிருக்க முடியாது.

பிரச்சினை அளவில்தான் வரும். ஐந்து கோடி ரூபாய் வேலைக்கு, ஐந்து கோடியை ஒட்டிய குழாய் வேலை ஒன்றைச் செய்து முடித்த சான்று கேட்டால் நியாயம். அதே வேலைக்கு முப்பது கோடி ரூபாய் வேலை செய்த சான்று கேட்டால் உள்ளூரில் திறமையோடு இருக்கும் பலர் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி குழாயின் விட்டம், நீளம், பம்பின் மாதிரி எல்லாம் குறிப்பிட்டிருந்தாலும் கவனியுங்கள். சட்டை தைத்துவிட்டு அது யாருக்குப் பொருந்துகிறதோ அவரைத் தேர்ந்தெடுப்பது போல ஆகிவிடும். அதற்கு மாறாக நிபந்தனை மிகத் தளர்வாக இருந்தாலும் ஆபத்துதான். அனுபவமே இல்லாதவர் மிகக் குறைந்த விலை கேட்டு வேலையை எடுத்துவிட்டுப் பாதியில் விட்டால், தோண்டிய பள்ளத்தோடு ஒரு மழைக்காலத்தைக் கழிக்க வேண்டியது நாம்தான்.

இந்தப் பகுதியில் ஒரு சூத்திரம் பல டெண்டர்களில் இருக்கும். கான்ட்ராக்டரால் இன்னும் எவ்வளவு வேலையைத் தாங்க முடியும் என்று கணக்கிடும் சூத்திரம் அது. கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒரே ஆண்டில் அவர் செய்த அதிகபட்ச வேலையின் மதிப்பை எடுத்துக்கொள்வார்கள். புது வேலைக்கு ஆகும் ஆண்டுகளால் அதைப் பெருக்குவார்கள். பிறகு ஆவணத்தில் சொன்ன ஒரு எண்ணால், உதாரணமாக 2-ஆல், பெருக்குவார்கள். அந்தக் காலத்துக்குள் அவர் முடித்துத் தர வேண்டிய மற்ற வேலைகளின் மதிப்பைக் கழிப்பார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு: ஓர் ஆண்டில் 4 கோடி ரூபாய் வேலை செய்தவர், புது வேலைக்கு ஒன்றரை ஆண்டு. 4 × 1.5 × 2 = 12 கோடி. ஏற்கெனவே கையில் 9 கோடிக்கு வேலை. மிச்சம் 3 கோடி. 5 கோடி ரூபாய் வேலைக்கு அவர் தகுதி பெற மாட்டார். ஒரே ஆள் ஊரெல்லாம் வேலை எடுத்து எதையும் முடிக்காமல் இழுத்தடிப்பதைத் தடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கையில் உள்ள வேலைகளை ஒருவர் மறைத்துவிட்டால் கணக்கு பொய்யாகும். அதனால் அவர் தந்த பட்டியலை, அவர் பெயரில் நடக்கிற மற்ற டெண்டர்களோடு ஒப்பிடுங்கள்.

டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் கான்ட்ராக்டர்கள் சந்தேகம் கேட்பார்கள். அதன் பிறகு வெளியிடும் திருத்தங்களையும் கண்டிப்பாகப் படியுங்கள். முதல் அறிவிப்பில் ஒன்று இருக்கும், திருத்தத்தில் தகுதியே மாறியிருக்கும்.

படி 5: இரண்டு உறைகள்

பெரிய வேலைகளில் கான்ட்ராக்டர் இரண்டு உறைகள் தருவார் (இப்போது எல்லாம் இணையத்தில்தான்). முதல் உறையில் தகுதிச் சான்றுகளும் முன்வைப்புத் தொகையும் (டெண்டரில் கலந்துகொள்ளக் கட்டும் பணம்), இரண்டாவதில் விலை. முதல் உறையில் தேறாதவரின் விலை உறையைத் திறக்கவே மாட்டார்கள். யார் தேறவில்லை, என்ன காரணம் என்பதை இணையதளத்தில் டெண்டர் நிலை என்ற பகுதியில் பாருங்கள். ஐந்து பேர் வந்து நான்கு பேர் சின்னக் காகிதக் குறையால் வெளியேறி ஒருவர் மட்டும் மிஞ்சியிருந்தால், நான்காவது படியில் எழுதி வைத்த குறிப்புகளை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

விலை உறை திறந்ததும் ஒப்பீட்டுப் பட்டியல் வரும். எஸ்டிமேட் 5 கோடி, மூன்று பேர் 4.85, 4.60, 3.70 கோடி என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். ஒப்பிட்டுப் பார்த்ததில் எல்லோரையும்விடக் குறைந்த விலை கேட்டவர்தான் எல்-1. பேரம் பேச வேண்டும் என்றால் அவரிடம் மட்டும்தான் பேசலாம், அதுவும் விலையைக் குறைப்பதற்கு மட்டும். ஆனால் 3.70 என்பது 26 சதவீதம் குறைவு. இப்படி மிகக் குறைத்துக் கேட்டவரிடம் கூடுதல் வைப்புத்தொகை வாங்குவார்கள். குழாயின் விலை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே குறைத்ததை எங்கே ஈடுகட்டுவார் என்று யோசியுங்கள்: பள்ளத்தின் ஆழம், குழாய்க்கு அடியில் போடும் மணல், கடைசியில் சாலையைச் சீரமைப்பது. டவுன் ரத வீதிகளைச் சுற்றியுள்ள குறுகிய தெருக்களில் நாம் பாடுபடுவது இந்தக் கடைசி வேலையில்தான்.

ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலை கேட்கிற டெண்டர் என்றால் இன்னொன்றும் பாருங்கள். முதலில் முடிகிற தோண்டும் வேலைக்கு அதிக விலையும், கடைசியில் வருகிற அழுத்தச் சோதனைக்கும் சாலைக்கும் மிகக் குறைந்த விலையும் போட்டிருந்தால், பாதி வேலையிலேயே பெரும்பகுதிப் பணம் போய்விடும்.

படி 6: முடிவும் மேல்முறையீடும்

டெண்டரை ஏற்கும் அதிகாரம் பெற்றவர் எழுத்தில் உத்தரவு போடுவார். மாநகராட்சி வேலை என்றால் மாமன்றத் தீர்மானத்துக்கும் வரும். தோற்ற கான்ட்ராக்டர் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த உரிமை டெண்டரில் கலந்துகொண்டவருக்கு மட்டும்தான். குடிமக்களாகிய நமக்கு வேறு வழி இருக்கிறது.

படி 7: தகவல் கேளுங்கள்

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு வெள்ளைத்தாள் மனு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, அவ்வளவுதான். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "ஏன் அவருக்குக் கொடுத்தீர்கள்" என்று எழுதாதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: டெண்டர் எண் போட்டு, தொழில்நுட்ப மதிப்பீட்டு அறிக்கை, விலை ஒப்பீட்டுப் பட்டியல், ஒப்பந்த நகல், எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், குழாய் அழுத்தச் சோதனை அறிக்கை.

இன்னொரு உரிமை பலருக்குத் தெரியாது. இந்தச் சட்டத்தின் கீழ் காகிதம் மட்டுமல்ல, நடக்கிற வேலையையே நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் கேட்கலாம். பள்ளத்தை மூடுவதற்கு முன்பே இந்த மனுவைக் கொடுங்கள். மூடிய பிறகு குழாய்க்கு அடியில் மணல் போட்டார்களா என்பது எம்-புக்கில் எழுதியதை வைத்து மட்டும்தான் தெரியும். பதில் வந்ததும், ஒப்பந்தத்தில் குறைபாடு சரிசெய்யும் பொறுப்புக் காலம் எந்தத் தேதி வரை என்று தேடிப் பிடித்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தத் தேதிக்குள் குழாய் கசிந்தாலோ சாலை உள்வாங்கினாலோ கான்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். புகாரில் டெண்டர் எண்ணையும் ஒப்பந்தத் தேதியையும் சேர்த்து எழுதி, மண்டல அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.