மன்றோ துருத்தில் கயாக் ஓட்டப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கொல்லத்துக்குப் பக்கத்தில், கல்லடை ஆறு அஷ்டமுடிக் காயலில் சேரும் இடத்தில் இருக்கிறது மன்றோ துருத்து. நம் திருப்பூந்துருத்தி என்ற ஊர்ப்பெயரில் வருகிற துருத்திதான் இதுவும்; ஆற்றுக்கு நடுவே எழுந்த மேடு. (பெயரில் இருப்பவர் சென்னையில் குதிரைமேல் சிலையாக நிற்கும் தாமஸ் மன்றோ அல்ல. திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, இருந்த கர்னல் ஜான் மன்றோ.) செங்கோட்டை, தென்மலை, புனலூர் வழியாக ரயிலிலேயே கொல்லம் போய்விடலாம். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு வார இறுதியில் கயாக் எனும் சின்னத் துடுப்புப் படகு ஓட்ட இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் போய்வந்த சிலர் “அப்படி ஒன்றும் இல்லையே” என்று சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். விசாரித்தால், பெரும்பாலும் போன நேரம்தான் தவறாக இருக்கும்.

ரயில் எத்தனை மணிக்கு, அறையை எப்போது காலி செய்ய வேண்டும் என்று பார்த்துப் படகை முன்பதிவு செய்வதுதான் முதல் தவறு. அஷ்டமுடிக் காயல் நீண்டகரையில் கடலோடு சேர்கிறது. கடல் ஏறினால் காயலும் ஏறும். தென்னந்தோப்புகளுக்கு இடையே ஓடும் சின்னக் கால்வாய்களும் ஏறும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இது மாறும். அதோடு, நாளுக்கு நாள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். அதனால் போன வாரம் நண்பர் போன நேரம் உங்களுக்கு உதவாது. தண்ணீர் மிகவும் ஏறியிருந்தால் வீட்டுக்கு வீடு போட்டிருக்கும் தாழ்வான பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது. மிகவும் வற்றியிருந்தால் கயாக்கின் அடி சேற்றில் இழுபடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த வித்தியாசம் இன்னும் கூடும். போனில் பேசும்போதே, “நாளைக்கு வேலியேற்றம் எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள். கடல் ஏற்றத்துக்கு அங்கே அதுதான் சொல். அந்த ஒரு கேள்வியிலேயே எதிரில் பேசுபவருக்குத் தண்ணீர் தெரியுமா, கட்டணம் மட்டும்தான் தெரியுமா என்பது விளங்கிவிடும்.

காற்றையும் பார்க்க வேண்டும். விடியற்காலையில் காயல் கண்ணாடி மாதிரி கிடக்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பிவிட்டால், திறந்த பரப்பில் எத்தனை துடுப்புப் போட்டாலும் எதிரே தெரியும் தென்னை கிட்டவே வராது. போகும்போது காற்று முதுகைத் தள்ளினால் திரும்பும் நேரத்தை இரண்டு மடங்காகக் கணக்குப் போடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் ஆறு பெருகி ஓடும்போது போகவே வேண்டாம். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடி மின்னல் சகஜம்; அப்போது காலையோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தப் பாலங்கள். என் அக்கா மகன் முன் இருக்கையில் இருந்தான். பாலம் நெருங்கியதும் பயத்தில் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டான். கை அங்கேயே நின்றது, படகு முன்னால் போனது. இரண்டு நொடியில் நாங்கள் இருவரும் தண்ணீரில். இடுப்பளவுதான் ஆழம், ஒன்றும் ஆகவில்லை. பாலத்தையோ, கண்டல் மரக் கிளையையோ ஒருபோதும் பிடிக்காதீர்கள். துடுப்பைப் படகோடு நீளவாக்கில் வைத்து, முன்பக்கமாகக் குனியுங்கள். பக்கவாட்டில் கிளை மோத வந்தால் உடம்பு தானாக எதிர்ப்பக்கம் சாயும். படகு கவிழ்வது அதனால்தான். கிளை இருக்கும் பக்கமே லேசாகச் சாய வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மாட்டியபின் வேறொருவரை விட்டுத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் தண்ணீரில் உங்களைக் காப்பாற்றாது, தலை வழியே கழன்றுவிடும். வேறு அளவு கேளுங்கள். குழந்தைகளுக்குக் கால் இடுக்கு வழியாக வரும் வார் இருக்கிறதா என்று பாருங்கள். வேர்க்கிறது, போட்டோவில் நன்றாக இல்லை என்று கழற்றவே கூடாது. 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அது பெரிய படகு, வேறு மாதிரி பயணம். ஆனால் “இன்னும் ரெண்டு பேர்தானே” என்ற பேச்சு, கழியூன்றிப் போகும் சின்ன வள்ளத்திலும் காதில் விழத்தான் செய்கிறது. அப்படிக் காதில் விழுந்தால் அந்த வள்ளத்திலிருந்து இறங்கிவிடுங்கள்.

இருவர் கயாக்கில் கனமானவர் பின்னால் உட்கார வேண்டும். திசை திருப்புவது அவர் வேலை. முன்னால் இருப்பவரின் தாளத்துக்கு அவர் துடுப்புப் போட வேண்டும். கணவன் மனைவி சண்டை பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது! கையால் மட்டும் இழுத்தால் அரை மணியில் தோள் விட்டுப்போகும். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி இழுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஜீன்ஸ், துப்பட்டா வேண்டாம். போனை நீர் புகாத பையில் போட்டுப் படகோடு கட்டுங்கள். வார் வைத்த செருப்பு அவசியம், சேற்றுக்குள் சிப்பி ஓடு பாதத்தைக் கிழித்துவிடும்.

கவிழ்ந்துவிட்டால் கரைக்கு நீந்தப் பார்க்காதீர்கள். படகு மிதக்கும், அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நிமிர்த்திவிட்டு, நடுப்பகுதியில் காலை உதைத்து வயிற்றை மேலே போட்டு, பிறகு திரும்பி உட்காருங்கள். புறப்படும் முன் கரையோரம் ஒருமுறை பழகிக்கொண்டால் பயம் பாதி போய்விடும்.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. அந்தக் கால்வாய்கள் அங்குள்ளவர்களின் வீட்டுக் கொல்லைப்புறம். துணி துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அங்கேதான். அந்தத் துருத்து பல ஆண்டுகளாகத் தாழ்ந்து வருகிறது. ஏற்றத்தின்போது உப்புத்தண்ணீர் வீட்டுத் தரைவரை வந்துவிடுகிறது. சுவரில் அந்த ஈரக் கறை முழங்கால் உயரத்துக்குத் தெரியும். அந்தச் சுவருக்கு முன்னால் நிற்பவரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். காலை ஆறு மணிக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். யாராவது படித்துறையில் நின்றால் துடுப்பை நிறுத்திவிட்டு, படகு தானாக நகரட்டும் என்று விடுங்கள்.