அயலூர் வைனும் ஆறு பேர் விருந்தும்

பாரிஸில் வாழும் நம்மவர்கள் வேலைத்தலத் தோழர்களையோ பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக் குடும்பத்தையோ விருந்துக்கு அழைக்கும்போது சமையலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கடையில் வரிசை வரிசையாக நிற்கும் வைன் போத்தல்களுக்கு முன்னால்தான் கை தடுமாறுகிறது. அப்படித் தடுமாறும் கை கேள்விப்பட்ட பெயரைத் தேடிப் போகும். பல ஆண்டுகளுக்கு முன் நானும் சேந்த் எமிலியோன் என்ற புகழ்பெற்ற வைன் ஊரின் பெயரை மட்டும் நம்பி 28 யூரோ கொடுத்து ஒரு போத்தல் வாங்கினேன். அதை அடுப்புக்குப் பக்கத்தில் மாலை முழுவதும் வைத்திருந்து, வெதுவெதுப்பாகப் பரிமாறினேன். பழத்தின் மணம் அடங்கிப்போய்ச் சாராய நெடியே மூக்கில் ஏறியது. வந்தவர்கள் மரியாதைக்காகக் குடித்தார்கள். அந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் செலவழித்து, போத்தலை அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால் அன்றைய விருந்து சிறந்திருக்கும் என்பதை இன்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் விலையைப் புரிந்துகொள்ள வேண்டும். போத்தல், தக்கை, ஒட்டுத்தாள், போக்குவரத்து ஆகியவற்றுக்கான செலவு மலிவான வைனுக்கும் நல்ல வைனுக்கும் பெரிதாக வேறுபடுவதில்லை. ஆகவே 3 யூரோ போத்தலில் அந்தச் செலவையும் 20 வீத வரியையும் கடைக்காரரின் இலாபத்தையும் கழித்துவிட்டால், திராட்சை விளைவித்தவருக்கு மிஞ்சுவது மிகச் சொற்பமே. 6 யூரோவிலிருந்து 10 யூரோ வரை கொடுக்கும்போது, கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி போத்தலுக்குள் இருக்கும் வைனுக்கே போய்ச் சேருகிறது. அதற்கு மேலே போகப் போக, ஊரின் புகழுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கத் தொடங்குகிறோம். வீட்டு விருந்துக்கு நான் அந்த 10 யூரோ எல்லையைத் தாண்டுவது அரிது.

பிரான்சில் வைன் பெரும்பாலும் திராட்சையின் பெயரால் அல்லாமல் விளைந்த நிலத்தின் பெயராலேயே விற்கப்படுகிறது. சிக்கனமாக வாங்க நினைப்பவருக்கு வழி காட்டுவதும் இந்த வழக்கம்தான்: புகழ்பெற்ற ஊரை விட்டுவிட்டு அதன் அயலூரைத் தேடுங்கள். போர்தோ பகுதியின் புகழ்பெற்ற பொமெரோலையும் அதன் அயலூரான லலாந்த் து பொமெரோலையும் பிரிப்பது பர்பான் என்ற சிற்றோடை மட்டுமே. இரு கரையிலும் மெர்லோ திராட்சைதான் முதன்மையானது. ஆனால் ஓடையைக் கடந்ததும் விலை பெரும்பாலும் பாதியாகக் குறைந்துவிடுகிறது. சேந்த் எமிலியோனின் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் கிழக்கே கஸ்தியோன் வரை நீள்கிறது. 'கஸ்தியோன் கோத் து போர்தோ' என்று எழுதிய போத்தல்களை 8, 9 யூரோவுக்கு வாங்க முடிகிறது. லுவார் ஆற்றுப் பகுதியின் சான்செர் வைன் பிடித்தவர்கள் அதற்கு அடுத்திருக்கும் மெனெத்தூ சலோனை வாங்கலாம். இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால், அதே சோவிஞோன் திராட்சையில் செய்த தூரேன் வைன் இருக்கிறது. இனிப்பான சோத்தேர்னுக்குப் பதிலாக, கரோன் ஆற்றின் எதிர்க்கரையில் விளையும் லூப்பியாக் வைனை எடுக்கலாம். அயலூர் வைன் அப்படியே புகழ்பெற்ற வைன்தான் என்று நான் சொல்ல வரவில்லை. மண்ணும் சரிவும் மாறும்போது சுவையும் மாறத்தான் செய்யும். ஆனால் விலையில் இருக்கும் இடைவெளி அளவுக்குச் சுவையில் இடைவெளி கிடையாது.

ஷாம்பெய்னுக்கும் இதே கணக்குத்தான். லுவார், அல்சாஸ், பூர்கோஞ், லிமூ போன்ற பகுதிகளில் செய்யப்படும் கிரெமானும் ஷாம்பெய்னைப் போலவே போத்தலுக்குள் இரண்டாம் முறை நொதித்து நுரை பெறுகிறது. ஷாம்பெய்ன் குறைந்தது 12 மாதம் ஈஸ்ட் மண்டியோடு கிடக்க வேண்டும் என்பது விதி. கிரெமானுக்கு அது 9 மாதம். நல்ல கிரெமானைக் குளிரக் குளிரக் கொடுத்தால் வரவேற்புக் குவளைக்கு அதுவே போதுமானது.

போத்தலில் ஒட்டியிருக்கும் பதக்கங்களைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரு போட்டியில் கலந்துகொண்ட வைன்களில் மூன்றில் ஒரு பங்கு வரை பதக்கம் கொடுக்க விதி இடமளிக்கிறது. அதைவிட, போத்தலின் தலையை மூடியிருக்கும் மெல்லிய உறையைப் பாருங்கள். பிரெஞ்சுக் குடியரசின் சின்னமான மரியான் என்ற பெண்ணின் முத்திரையோடு 'ஆர்' (R) என்ற எழுத்து இருந்தால், விளைவித்தவரே போத்தலில் அடைத்தது என்று பொருள். 'என்' (N) என்ற எழுத்து இருந்தால் அது வணிகர் வாங்கி அடைத்தது. இந்த முத்திரை இப்போது எல்லாப் போத்தல்களிலும் இருப்பதில்லை என்றாலும், இருக்கும் இடத்தில் பயன் தரும். செப்டம்பர் மாதத்தில் பேரங்காடிகள் நடத்தும் வைன் சந்தையில் ஒரே தடவையில் பன்னிரண்டு போத்தல்களை அள்ளிக்கொண்டு வர வேண்டாம். ஒன்றை வாங்கி அன்றிரவே ருசித்துப் பார்த்து, பிடித்திருந்தால் மறுநாள் திரும்பிச் சென்று ஆறு வாங்குங்கள். நவம்பர் இறுதியில் போர்த் து வெர்சாயில் நடக்கும் சுயாதீன விளைவிப்பாளர் கண்காட்சிக்கு ஒரு முறையாவது போவது நல்லது. அங்கே திராட்சை விளைவித்தவரே ஊற்றிக் கொடுக்கிறார், வாங்கும் முன் ருசிக்கலாம். தனி வைன் கடையில் கூச்சப்படாமல், என்ன சமைக்கிறீர்கள், எத்தனை யூரோவுக்குள் வேண்டும் என்ற இரண்டையும் சொல்லுங்கள். தொகையை வெளிப்படையாகச் சொல்லும் வாடிக்கையாளரை நல்ல கடைக்காரர் மதிப்பார்.

ஆறு பேருக்கான விருந்தென்று வைத்துக்கொள்வோம். 75 சென்ரிலீற்றர் போத்தலில் ஆறு குவளை வைன் வரும். ஆளுக்கு அரைப் போத்தல் தாராளம். லுவார் கிரெமான் ஒன்று, முஸ்கதே என்ற வெள்ளை வைன் இரண்டு (ஒன்றின் மூன்றில் ஒரு பங்கு சமையல் சட்டிக்குள் போகும்), கஸ்தியோன் சிவப்பு வைன் ஒன்று என வாங்கினால் எல்லாம் சேர்ந்து 30 யூரோ அளவில் முடியும்.

முஸ்கதே நாந்த் நகரைச் சுற்றி விளைவது. 'சுர் லி' என்று எழுதியிருந்தால், குளிர்காலம் முழுவதும் மண்டியின் மேல் கிடந்த வைன் அது. கடற்காற்றுப் போன்ற ஓர் உப்புச் சாயல் அதில் இருக்கும். அதற்கு இணையான மலிவு உணவு, கடைகளில் 'மூல்' என்று விற்கும் கரிய ஓட்டு மட்டி. முதல் உணவாக ஆறு பேருக்கு 3 கிலோ போதும். குளிர்ந்த நீரில் அலசி, ஓட்டின் ஓரத்தில் தொங்கும் நாரை இழுத்துப் பிடுங்குங்கள். வாய் திறந்திருக்கும் மட்டியை மேசையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். மூடிக்கொள்ளாவிட்டால் அது செத்தது, எறிந்துவிடுங்கள். பெரிய சட்டியில் வெண்ணெயை உருக்கி, ஐந்தாறு சின்ன வெங்காயத்தைச் சிவக்காமல் வதக்கி, கால் லீற்றர் முஸ்கதே ஊற்றிக் கொதி வந்ததும் மட்டியைக் கொட்டி மூடிவிடுங்கள். மூடியை அழுத்திப் பிடித்தபடி இரண்டு முறை சட்டியைக் குலுக்கினால், கீழே இருப்பவை மேலே வரும். ஓடுகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் முதலில் கனமாகக் கேட்கும். வாய் திறக்கத் திறக்க அது லேசாகும். ஐந்து நிமிடத்தில் எல்லாம் திறந்திருக்கும். திறவாதவற்றை உண்ணக் கூடாது. உப்புப் போடவே வேண்டாம், மட்டிக்குள் இருக்கும் கடல்நீரே போதும். பார்ஸ்லி இலையை அரிந்து தூவி, அடியில் தேங்கிய சாற்றைப் பாணில் தொட்டுச் சாப்பிடும்போது அதே முஸ்கதேயைக் குவளையில் ஊற்றுங்கள்.

அடுத்து வரும் சிவப்பு வைனுக்கு, உருளைக்கிழங்கோடு ஒவனில் வாட்டிய கோழித்தொடை நன்றாகப் பொருந்தும். பாற்கட்டி வைக்க விரும்பினால் ஐந்து வகைகளில் சிறு சிறு துண்டுகள் வாங்குவதைவிட, நன்கு முதிர்ந்த கொம்தே 300 கிராம் வாங்குவது சிக்கனம், கௌரவமும்கூட. கொம்தேயோடு வெள்ளை வைன்தான் அதிகம் சேரும் என்பது என் அனுபவம்; மிஞ்சிய முஸ்கதேயைத் தயங்காமல் கொடுங்கள்.

நமது கறியைத்தான் விருந்தினர் கேட்கிறார்கள் என்றால் வைனை மாற்ற வேண்டும். சிவப்பு வைனின் துவர்ப்பும் கூடிய மதுச்செறிவும் மிளகாயின் எரிவைத் தூண்டிவிடும்; சிறிது இனிப்பு அதைத் தணிக்கும். ஆகவே நண்டுக் கறிக்கும் இறால் குழம்புக்கும் 'தெமி செக்' (சற்றே இனிப்பானது) என்று குறித்த வூவ்ரே வெள்ளை வைன், அல்லது அல்சாஸின் கெவுர்ஸ்ட்ராமினர் எடுங்கள். பின்னதிலிருந்து எழும் ரோஜா, லிச்சி மணங்கள் ஏலத்தோடும் கறுவாவோடும் இயல்பாகவே ஒத்துப்போகின்றன. விருந்தின் முடிவில் ரவைக் கேசரியும் குளிர்ந்த லூப்பியாக்கும் சேர்ந்தால், பிரெஞ்சு நண்பர்கள் அதன் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள்.

பரிமாறும் வெப்பநிலைக்குச் செலவேதும் இல்லை; ஆனால் மலிவு வைனை உயர்த்துவது அதுதான். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் கொடுக்க வேண்டும் என்ற பழைய பேச்சு, அறைகள் 16, 17 பாகையில் இருந்த காலத்துக்கு உரியது. நமது அடுக்குமாடி வீடுகளில் 21 பாகைக்குக் குறையாததால், பரிமாறுவதற்கு முன் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெள்ளை வைனுக்கு 10 பாகையும் கிரெமானுக்கு 7 பாகையும் ஏற்றவை. நேரம் போதாவிட்டால், பனிக்கட்டியும் நீரும் ஒரு பிடி உப்பும் சேர்த்த வாளியில் போத்தலைக் கழுத்தளவு அமிழ்த்துங்கள். இருபது நிமிடத்தில் குளிர்ந்துவிடும். இளம் சிவப்பு வைன் துவர்த்தால், தண்ணீர்ச் சாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். தக்கையை மட்டும் திறந்து வைப்பதால் பயன் குறைவு, கழுத்து ஒடுங்கியிருப்பதால் காற்று உள்ளே போகாது. குவளைகள் வாய் சற்றே குவிந்தவையாக இருந்தால் எளிய கண்ணாடியே போதும்; மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

திறந்த போத்தலில் நனைந்த அட்டைப் பெட்டியின் நாற்றம் வந்தால், தக்கையால் கெட்டது அது. மூடிக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலான கடைகளில் மாற்றித் தருவார்கள். குடிக்காதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் அதே வகைக் குவளையில் நல்ல திராட்சைச் சாறு வையுங்கள். உபசரிப்பு என்று நினைத்து எவருடைய குவளையையும் கேட்காமல் நிரப்பக் கூடாது. நாளொன்றுக்கு இரண்டு குவளைக்கு மேல் வேண்டாம், அதுவும் நாள்தோறும் வேண்டாம் என்பதே இங்குள்ள பொதுச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கார் ஓட்டுபவருக்குச் சட்ட எல்லை ஒரு லீற்றர் இரத்தத்தில் 0.5 கிராம், புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2 கிராம் மட்டுமே.

மிஞ்சிய வைனைப் பாதிப் போத்தலில் விட்டுவைத்தால் காற்றுப் பட்டுக் கெடும். 37.5 சென்ரிலீற்றர் சிறு போத்தல் ஒன்றைக் கழுவி வைத்திருந்து, அதில் விளிம்பு வரை நிரப்பி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் வரை சுவை நிற்கும். அதற்கும் பிந்தியதைப் பனிக்கட்டித் தட்டில் உறைய வையுங்கள். அடுத்த முறை மட்டிக்கு வெங்காயம் வதக்கும்போது போத்தல் திறக்காமலே எட்டுப் பத்துக் கட்டிகளை எடுத்துப் போடலாம்.