அடுத்தவர் வழக்கத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் முன் என்ன செய்யலாம்?

எங்கள் மன்னார்குடிப் பக்கம் நாற்று நடுவது பெண்கள் வேலை. ஆண்கள் நாற்றைப் பறித்து, முடிச்சுக் கட்டி, வயலில் வீசுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு சம்பா நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. மேற்கு வங்கத்தில் மேதினிப்பூர் பக்கத்திலிருந்து வந்த பதினான்கு ஆண்களை எங்கள் ஆறு மா நிலத்தில் இறக்கினேன். வரப்பில் நின்ற சித்தப்பா, "ஆம்பள நட்டா பயிரு வெளங்குமா?" என்றார். நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, மனசுக்குள் சொன்னேன். மதியம் மோட்டார் கொட்டகையில் கடுகெண்ணெய் காய்ந்த வாடை வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

இதற்குச் சமூகவியலில் இனமையவாதம் (ethnocentrism) என்று பெயர். என் கூட்டம்தான் நடுவில், மற்ற எல்லாரையும் என் கூட்டத்தின் அளவை வைத்தே அளப்பேன் என்கிற பார்வை. அமெரிக்கச் சமூகவியலாளரான வில்லியம் கிரகாம் சம்னர் 1906இல் இந்தச் சொல்லைப் பரவலாக்கினார். இதற்கு எதிர்ப்பக்கம் பண்பாட்டுச் சார்புவாதம். ஒரு வழக்கத்தை அது முளைத்த மண்ணில் வைத்தே பார், பிடுங்கி உன் திண்ணையில் போட்டுப் பார்க்காதே என்பது அதன் சாரம். கனடாவின் வடகோடியில் உள்ள பாஃபின் தீவில் இனூயிட் மக்களோடு இருந்துவிட்டு வந்த மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1887லேயே இந்தக் கருத்தை எழுதிவிட்டார்.

பெயர் தெரிந்துகொள்வது சுலபம். பார்வையை மாற்றத்தான் பழக வேண்டியிருக்கிறது. நான் பழகிய விதத்தைச் சொல்கிறேன்.

ஒரு நோட்டை எடுத்து, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். அசிங்கம், விசித்திரம், பாவம் என்று எந்தச் சொல்லும் வரக்கூடாது. நான் எழுதியது இது: "ராத்திரி வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கிறார்கள். காலையில் உப்பு, பச்சை வெங்காயம், பச்சை மிளகாய், மேலே கொஞ்சம் கடுகெண்ணெய்." இந்த இடத்தில் கை நின்றுவிட்டது. எண்ணெயை எடுத்துவிட்டால் அது எங்கள் வீட்டுப் பழைய சோறு. அவர்கள் பாந்தா பாத் என்கிறார்கள். ஆனால் 'அட, நம்மைப் போலத்தான்' என்று அதோடு நோட்டை மூடிவிடாதீர்கள். அதுவும் நம் மரக்காலால் அளப்பதுதான்.

அடுத்தது, காரணத்தை அவர்களிடமே கேளுங்கள், பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள். மொழி தெரியாவிட்டால் பத்து வார்த்தையாவது படித்துக்கொள்ளுங்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, இந்த மக்களை மதம் மாற்ற வந்தவர். தமிழ் படித்து, ஏடுகள் படித்து, ஊராரிடம் கேட்டுக் கேட்டு, நம் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூலே எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். ஹாலே நகரத்தில் இருந்த அவருடைய மேலிடம் அதை அச்சேற்றவில்லை. கடைசியில் 1867இல்தான் சென்னையில் அச்சானது. தன் மதமே உண்மை என்ற நம்பிக்கையை அவர் கடைசிவரை விடவில்லை, ஆனாலும் காது கொடுத்துக் கேட்டார். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும். அதனால் உங்கள் நம்பிக்கையை விட்டுவிட வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம்.

பிறகு பார்வையைத் திருப்புங்கள். நம்மிடம் அவர்களுக்கு எது உறுத்துகிறது என்று கேளுங்கள். கேரளாவில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு தம்பிக்குத் தமிழ் கொஞ்சம் வரும், என்னை 'தீதி', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான். எங்கள் அம்மா தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிட்டான். வங்காளத்திலும் அம்மாவின் தம்பி மாமாதான், சொல் ஒன்றே. "மாமா அப்பா மாதிரி, தீதி," என்றான். கடுகெண்ணெய் வாடைக்கு நான் சுளித்த முகத்தை அன்றைக்கு அவனிடம் பார்த்தேன். உறவு விட்டுப் போகக்கூடாது, பெண் தெரிந்த வீட்டில் வாழ வேண்டும் என்று எங்கள் பக்கத்துக் காரணங்களை அவனுக்கு விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் இப்படி நெருங்கிய உறவில் மணம் கூடாது என்கிறது. வழக்கம் அனுமதித்தால் கூடும் என்று விலக்கும் தருகிறது. நெருங்கிய உறவில் மணந்தால் சில பரம்பரை நோய்கள் வர வாய்ப்பு கூடும் என்பது வேறு கணக்கு. அதையும் மறைக்காமல் அவனிடம் சொன்னேன்.

இனி வருவதுதான் கஷ்டமான பகுதி. வழக்கத்தைப் புரிந்துகொள்வது அதற்கு மன்னிப்புச் சீட்டு எழுதித் தருவது ஆகாது. எங்கள் பாட்டி காலத்தில் வயலில் வேலை செய்தவர்களுக்குக் கொல்லையில் கொட்டாங்குச்சியில்தான் தண்ணீர். "அப்ப எல்லாரும் ஒத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தேன். அந்தக் கொட்டாங்குச்சியில் குடித்த ஒரு ஆயாவிடம் கேட்டேன். "வேற என்னம்மா பண்றது? நெல்லு உங்க குதிர்ல இருந்துச்சு," என்றார். அதற்குப் பிறகு வீட்டில் சொன்ன கதையை என்னால் நம்ப முடியவில்லை.

யார் திண்ணையில் உட்கார்கிறோமோ அவர்கள் கதைதான் காதில் விழும். 1961-62இல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அக்ரகாரத்தில் தங்கினார். அதனால் ஆதிதிராவிடர்களைப் பற்றித் தனக்குக் கிடைத்த தகவல் அவ்வளவு நிறைவில்லை என்று அவரே எழுதி வைத்தார். ஆகவே ஒரு வழக்கத்தை எடை போடும்போது, அதன் பாரம் யார் தோளில் இருக்கிறதோ அவரிடம், மேலே இருப்பவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

போன சம்பாவில் இதை நானும் செய்து பார்த்தேன். கூலியை மொத்தமாக, ஆள் கூட்டிவரும் ஏஜெண்டு கையில் கொடுப்பதே பழக்கம். "அது அவங்க ஊர் வழக்கம், நமக்கெதுக்கு" என்று இரண்டு வருஷம் இருந்துவிட்டேன். ஏஜெண்டு டீ குடிக்கப் போன நேரத்தில், கூட்டத்திலேயே சின்னப் பையனிடம், கையில் எவ்வளவு வருகிறது என்று கேட்டேன். சேற்றுக் கையால் வரப்பில் ஒரு எண்ணை எழுதிக் காட்டினான். நான் கொடுத்ததில் பாதி கூட இல்லை. அன்று சாயங்காலம் பதினான்கு பேரையும் வாசலில் உட்கார வைத்து, அவரவர் கையிலேயே எண்ணிக் கொடுத்தேன்.