ஒலிக்காத 'ஜி'யைக் கண்டுபிடிக்க

ஆங்கிலத்தில் 'சைன்' (sign) என்று எழுதும்போது நடுவில் 'ஜி' (g) வருமா என்று தடுமாறினால், 'சிக்னேச்சர்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அங்கே 'க்' என்று கேட்கிறதே, அதுதான் 'சைன்' சொல்லில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் 'ஜி'. இரண்டும் அடையாளம் என்று பொருள்படும் 'சிக்னும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. கையெழுத்து, சாலையோரப் பலகை, நோயின் அறிகுறி எல்லாவற்றுக்கும் 'சைன்' பொருந்துவதும் அதனால்தான். 'ரிசைன்' எழுத 'ரெசிக்னேஷன்' கைகொடுக்கும். ராஜினாமாக் கடிதத்திலாவது பிழை இல்லாமல் இருக்கட்டுமே!

கணக்கில் வரும் 'சைன்' (sine) வேறு சொல், அதில் 'ஜி' கிடையாது. 'ஃபாரின்' (foreign) இந்த வித்தைக்கு மசியாது. அதன் மூலமான பழைய பிரெஞ்சுச் சொல்லில் 'ஜி'யே இல்லை, வேறு சொற்களைப் பார்த்துப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. அதை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.